கிணற்றுக்குள் போன கோட்டை

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காங்கேயத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இடிந்த கோட்டை இருப்பதாகப் படித்துவிட்டு, கோவையிலிருந்து பஸ் ஏறினேன். பையில் நோட்டு, தண்ணீர், அளக்கும் டேப். எதை அளக்கப் போகிறோம் என்ற தெளிவு மட்டும் இல்லை.

போய் இறங்கினால் கோட்டையைக் காணோம். கிளுவை வேலி போட்ட ஒரு மேடு, மேயும் மாடுகள், அவற்றை ஓட்டிக்கொண்டு ஓர் அம்மா. கோட்டை எங்கே என்று கேட்டேன்.

"நீங்க நிக்கறதே கோட்டைதானுங்க."

சரியென்று மண்மேட்டை அளந்து குறித்துக்கொண்டேன். டேப்பைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஆபீசருங்களா?" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டிலேயே கிடைக்காத மரியாதை ஆயிற்றே! லேசாகச் செருமி வைத்தேன்.

அவ்வளவுதான். கணவரைக் கூட்டி வந்துவிட்டார். இருவருமாக என்னைத் தோட்டத்துக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார்கள். எட்டிப் பார்த்தால், சுற்றுச்சுவர் முழுக்கக் கோட்டைக் கல். ஒன்றில் பாதி யாளி.

"கோட்டைக் கல்லை எடுக்கத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியுதுங்க. எங்கப்பாரு எடுத்துக் கட்டிப்போட்டாருங்க. இதைப் பேத்தா கெணறு சரிஞ்சு போகுமுங்க. எட்டு உருப்படி மாடு, வேற தண்ணி இல்லீங்க" என்றார் கணவர். கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்கு வேர்த்துவிட்டது. ஆபீசர் இல்லை, சும்மா பார்க்க வந்தவன் என்று உண்மையைச் சொன்னேன்.

"அப்பறம் எதுக்குங்க டேப்பை நீட்டி எங்க வவுத்துல புளியக் கரைச்சீங்க? படிச்சவங்க செய்யற வேலையா இது?" என்றார் அந்த அம்மா. திட்டிய கையோடு மோரும் வந்தது.

தலை குனிந்தபடி வரலாறு கேட்டேன். பீரங்கியில் இடிந்தது என்றார் கணவர். "பீரங்கியாவது ஒண்ணாவது! மழையில சரிஞ்சதுங்க. மிச்சத்தை உங்கப்பாரு இடிச்சாரு" என்றார் அந்த அம்மா. நோட்டில் இரண்டையும் எழுதி, இரண்டையும் அடித்தேன்.

அந்த ஊர்ப் பெயரை இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைப்பது நியாயமா, வரலாற்றுக்குத் துரோகமா என்று குழப்பம் தீரவில்லை. ஆனால் ஒரு மனுஷி என்னைப் பார்த்துப் பயந்த அந்த நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது என்பதில் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை.