கொழிஞ்சி மக்காத வயல்

யுத்த வருஷங்களில் நான் உத்தமபாளையம் பக்கம் விவசாய இலாகாவில் வேலை பார்த்தேன். குடியானவர்களுக்குத் தெரிந்ததில் பாதியை இலாகாவின் பெயரால் அவர்களுக்கே சைக்கிளில் போய்ச் சொல்வது என் உத்தியோகம். மீதிப் பாதி துண்டுப் பிரசுரமாக வரும்.

அப்படி வந்த ஒன்று, நெற்பயிரில் விழும் கூண்டுப்புழுவைப் பற்றியது. வயலில் தண்ணீரைக் கட்டி, மரத்தூளில் பிசறிய மண்ணெண்ணெயைக் கொஞ்சமாகத் தூவி, இருவர் ஆளுக்கொரு முனையாகக் கயிற்றைப் பிடித்துப் பயிரின் மேல் இழுத்துச் செல்ல வேண்டும். புழு கூண்டோடு தண்ணீரில் விழுந்து சாகும். மறுநாள் தண்ணீரை வடித்துவிட வேண்டும். நல்ல முறைதான். ஊரில் விளக்கேற்றவே மண்ணெண்ணெய் கிடைக்காத சங்கதி மட்டும் பிரசுரத்துக்குத் தெரியாது.

வாய்க்காலை ஒட்டி ஒரு வயல். விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுதவர் கிறிஸ்தவக் குடியானவர் ஒருவர். அவருக்கு வேறு நிலம் கிடையாது. நிலத்துக்காரர் பெரிய தோட்டக்காரர், அந்த ஊரில் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வைத்த முதல் ஆள். புழு விழுந்ததும் குடியானவர் எஞ்சின் கொட்டகைக்குப் போனார். ஓடிக் கழிந்த கறுப்பு எண்ணெயைத் தகர டின்னில் வாங்கிவந்து மடைவாயில் ஊற்றினார். எண்ணெய் என்றால் எண்ணெய்தானே. புழு செத்தது. மறுநாள் தண்ணீரை மட்டும் அவர் வடிக்கவில்லை. அது முறைத்தண்ணீர் பாயும் ஊர். வடித்தால் அடுத்த முறை வரும்வரை பயிர் காய வேண்டியதுதான். வயலில் நிற்கிற தண்ணீரைத் திறந்துவிடும் பைத்தியக்காரன் அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் பிறக்கவில்லை. தண்ணீர் வயலிலேயே சுண்ட, எண்ணெய் சேற்றுக்குள் இறங்கியது.

மடைப்பக்கத்துப் பாதி வயலில் பயிர் மஞ்சளித்து, தூர் கட்டாமல் நின்றது. அறுப்பு முடிந்ததும் நிலத்துக்காரர் சொல்லிவிட்டார்: மண்ணைக் கெடுத்தவனுக்கு வயல் கிடையாது, இலாகா ஆள் பார்த்துத் தேறாது என்றால் வேறு ஆளை விட்டுக்கொள்வேன். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

குடியானவர் சேற்றுக்குள் கைவிட்டு அடுத்த நடவுக்கு உரமாக மிதித்திருந்த தழையில் ஒரு பிடியை உருவினார்.

"அமாவாசைக்கு மிதிச்ச கொழிஞ்சிங்கய்யா. பௌர்ணமி வந்துருச்சு. நேத்துப் பறிச்ச மாதிரி இருக்கு பாருங்க."

வரப்பில் நின்ற அவர் மனைவி விடவில்லை. "மண்ணா அது? எஞ்சின் ஓட்டலாம் அதுல. இவுகளுக்கு ஓசின்னா வெசத்தையும் டின்னுல வாங்கிட்டு வருவாக."

அந்தத் தழைதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் உண்டு. நம் வயிற்றில் சோறு செரிப்பதுபோல அவை சுரக்கும் நொதிகள் தழையைச் செரித்துப் பயிருக்குக் கொடுக்கின்றன. எண்ணெய் மண்ணைப் போர்த்திக் காற்றை அடைத்தால் அவற்றில் பெரும்பகுதி மடிந்துபோகும். எண்ணெயையே தின்னும் சில இனங்கள் பிழைத்துப் பெருகும். ஆனால் அவை மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளிக்காமல் என்ன செய்யும்?

முறைப்படி மண் மாதிரி எடுத்து, முறைப்படி மேலே அனுப்பினேன். முறைப்படி பதில் வந்தது: மாதிரியில் எண்ணெய் வாடை அடிக்கிறது, சுத்தமான பாத்திரத்தில் மறுபடி அனுப்பவும்.

அதற்குமேல் காத்திருந்தால் வயல் கைமாறிவிடும். நிலத்துக்காரரையே வரப்புக்கு வரவழைத்தேன். கெட்ட பாதிக்கு இந்தப் போகம் தண்ணீர் விட வேண்டாம், புழுதியாக உழுது தொழு உரம் கொட்டி, காற்றுப் பட மறுபடி மறுபடி உழட்டும், நல்ல பாதியில் மட்டும் நடட்டும் என்றேன்.

"தண்ணி வர்ற காலத்துல வயலத் தரிசாப் போடச் சொல்ற ஆபீசர இன்னைக்குத்தான்யா பாக்குறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, குடியானவர் பக்கம் திரும்பினார். "ஏலே, எண்ணெய ஊத்தும்போது என்கிட்டக் கேட்டியா?"

குடியானவர் மனைவிதான் பேசினார்: "கேக்காம ஊத்துனது தப்புத்தான் மொதலாளி. ஆனா டின்னு நெறைய மோந்து குடுத்தது ஒங்க கொட்டகையிலதான். அதே எண்ணெய அங்கன கெணத்து மேட்டுல தெனமும் கொட்டுறாகளே, மஞ்சளிச்சு நிக்கிற அந்தத் தென்னையப் போய்ப் பாருங்க."

தோட்டக்காரர் கிணற்று மேட்டுப் பக்கம் நடந்தார். மறுநாள் ஆள் அனுப்பினார்: ஒரு போகம் பொறுக்கலாம், அதற்கப்புறமும் கொழிஞ்சி மக்காவிட்டால் பேச்சே கிடையாது.

அந்தப் போகம் முழுதும் புருஷனும் பெண்டாட்டியும் கெட்ட பாதியோடு மல்லுக்கட்டினார்கள். ஊரில் யாருடைய தொழுவத்திலும் சாணம் மிச்சமில்லை. அந்த அம்மாள் கேட்டு வாங்காத வீடு இல்லை. உழும்போது முதலில் கட்டிகள் உடைந்த இடத்தில் கறுப்பாக மினுங்கியது. போகப்போக மினுக்கம் குறைந்தது.

அடுத்த போகத்துக்குச் சேறாக உழுது தொளியடிக்கத் தண்ணீர் கட்டி, கொழிஞ்சியை மிதித்தார்கள். ஒரு வாரம் கழித்துத் தோட்டக்காரரும் நானும் போனோம். வரப்பில் ஏறுவதற்கு முன்பே முகத்தில் அடித்தது, அழுகிய தழையின் நாற்றம். தோட்டக்காரர் துண்டால் மூக்கைப் பொத்தினார்.

"என்னலே இது, இப்பிடி நாறுது!"

"நாறட்டும் மொதலாளி, நல்லா நாறட்டும்!" குடியானவர் சேற்றுக்குள் கைவிட்டு எடுத்துக் காட்டினார். விரல் பட்டதும் தழை கூழாக வழிந்தது.

தோட்டக்காரர் துண்டை எடுக்காமலே சொன்னார்: "சரி, நீயே நடு. போய் நாத்தங்காலப் பாரு."