விண்ணப்பம் என்று எழுதியவர்

ஏசுவடியானைப் பெரிய மனிதர் என்று சொல்லத் தயங்குகிறேன். ஒரு சொல்லைத் தவறாக எழுதினார், பிறகு திருத்தினார். ஆனால் தன் தவறு எந்தச் சொல்லில் இருந்தது என்று கண்டுகொள்பவர்கள் குறைவு.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரசு உரக் கிடங்கில் அவர் எடை எழுத்தர். நாசரேத்துக்காரர், தேவாலய உபதேசியாரின் மகன். மூட்டை தூக்குகிறவர்களுக்கு நண்பகலில் ஒரு மணி நேர ஓய்வு வேண்டுமென்று 1977இல் தொழிலாளர் சங்கத்துக்காக எழுதியவர் அவர்தான். வீட்டு ஜெபத்தில் கேட்டு வளர்ந்த நடை கையில் வந்துவிட்டது: ‘தங்கள் கிருபையை வேண்டி, தாழ்மையான விண்ணப்பம்.’

கிடங்கு மேலாளர் மகிழ்ந்து ஓய்வு கொடுத்தார். மூன்றாம் மாதம் கப்பல்கள் அடுத்தடுத்து வந்து வேலை கூடியதும், ‘கருணையால் அளித்த சலுகை நீக்கப்படுகிறது’ என்ற ஒற்றை வரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது.

சுமைதூக்கும் பிச்சையா மூட்டையைத் தராசில் இறக்கிக்கொண்டே கேட்டார்: “என்ன அண்ணாச்சி, கொடுத்தவரே எடுத்துட்டாரு. ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’னு சொல்லுத உங்க வேதப்படி இப்ப ஸ்தோத்திரம் சொல்லணுமோ?”

எல்லோரும் சிரித்தார்கள். ஏசுவடியான் சிரிக்கவில்லை. அன்று மாலை வேறு கடிதம் எழுதினார். தலைப்பு, ‘கோரிக்கை.’ ஓய்வு நேரத்தை இரு தரப்பும் பேசி, உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றது அது.

மேலாளர் அவரை மட்டும் அழைத்து நாற்காலியைக் காட்டினார்.

“பழைய கடிதம் எவ்வளவு மரியாதையா இருந்தது? அதே மாதிரி ஒண்ணு எழுதிக் கொடும். இன்னைக்கே ஓய்வு தாரேன்.”

வெளியே வெயிலில் லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. மூட்டை தூக்காத தனக்கு அவர்களின் ஓய்வை மறுப்பது எளிது. அது ஏசுவடியானுக்குத் தெரியும். “கேட்டுச் சொல்லுதேன் சார்” என்று வெளியே போனார்.

பிச்சையா தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. “திரும்ப எடுக்கதுக்கா தாராரு? எழுதிராதியும்.”

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஏசுவடியான் திரும்பிப் போய், உட்காராமலே சொன்னார்: “விண்ணப்பம்னு எழுதினது என் தப்பு, சார். அது ஆண்டவர்கிட்ட சொல்லுத வார்த்தை. உங்ககிட்ட நாங்க பேசத்தான் வாரோம்.”

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருவது அவரவர் விருப்பம். அடுத்த இரண்டு ஞாயிறும் ஒருவரும் வரவில்லை. கப்பல் காத்து நின்றது. மூன்றாம் வாரம் மேலாளர் அறையில் சங்கத்தாருக்கு ஐந்து நாற்காலிகள் போட்டார்கள். உடன்படிக்கையில் மேலாளரின் கையெழுத்துக்கு நேரே, சங்கத்தின் சார்பில் பிச்சையாவின் கையெழுத்து, கோணல்மாணலாக, பெரிதாக விழுந்தது.

அடுத்த கப்பல் வந்த அன்று, தராசில் மூட்டை இருக்கும்போதே பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. எதிரில் மேலாளர். ஏசுவடியான் பேனாவை மூடினார்.

தூக்குச்சட்டியைத் திறந்த பிச்சையா கேட்டார்: “இப்ப சொல்லலாம்லா அண்ணாச்சி, ஸ்தோத்திரம்?”

“சொல்லும். ஆனா அவரப் பாத்துச் சொல்லாதியும்.”

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நிழலில் ஒதுங்கி, ஒரு மணி வரை காத்திருந்தார்.