பின்மதில் ஏறி வந்த மேஸ்திரி

சிமெண்டு பர்மிட்டுக்கு மட்டுமே கிடைத்த அறுபதுகளில், சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்து ஆரம்பாக்கம் வீட்டுக்குக் காங்கிரீட் தளம் போட்டேன். மேஸ்திரி ஏழுமலை சிமெண்டு மூட்டையைத் திருடுவார் என்று எனக்கு ஆரம்பம் முதலே சந்தேகம். தளம் போட்ட மறுநாளே, “இனி தண்ணீர் நானே ஊற்றிக்கொள்கிறேன், நீங்கள் வர வேண்டாம்” என்று அனுப்பிவிட்டேன். சிங்கப்பூரில் வீட்டு வேலையெல்லாம் நானே செய்பவன் என்ற திமிர் வேறு. புதுத் தளம் நாள் முழுக்க ஈரமாக இருக்க வேண்டும்; நானோ காலையில் ஒருமுறை ஊற்றுவதோடு சரி.

நான்காம் நாள் மத்தியானம் அவர் பின்மதில் ஏறிக் குதித்தார். மிச்ச மூட்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன். அவர் கையில் ஒரு வாளி.

“கூப்ட்டா கதவத் தொறப்பியா சார் நீ? தளத்து ஓரமெல்லாம் காஞ்சி வெளுத்துப்போயி கீது, ரோட்டுலேர்ந்தே தெரியுது. நாளைக்கு வெடிச்சிக்கினா நீ கப்பலேறிப் பூடுவே. ஊரு என்னியத்தான் கேக்கும்.”

சட்டையை விட்டேன். அவர் மேலே போய்த் தண்ணீர் ஊற்றினார்.

அந்தத் தளம் இன்றுவரை ஒழுகவில்லை. ஒவ்வொரு மழைக்கும் எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.