அக்காள் எண்ணெய் ஊற்றிக் காத்த மோட்டார் சைக்கிள்

பழனியாண்டவன் திருவடியை நினைத்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் அக்காளைப் பற்றி எழுத அமர்ந்திருக்கிறேன். பிழையை உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்காள் அவர்கள் பிறந்தது அய்யலூரை அடுத்த எங்கள் கிராமத்தில். தாயார் காலமானபோது எனக்கு மூன்று வயது, அவருக்குப் பதினொன்று. அன்று முதல் எனக்குச் சோறு ஊட்டியவர் அவர்தாம். திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டபோது என்னையும் கூட்டிவந்தார். மச்சான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

நிலக்கோட்டையில் பூ வாங்கி, வாடுமுன் திண்டுக்கல் கொண்டுவருவது மச்சானின் தொழில். அதற்காக, பட்டாளத்தில் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை வைத்திருந்தார். தொழில் நன்றாக நடந்த நேரத்தில் அவருக்குக் காச நோய் கண்டது. வெளியூர் ஆஸ்பத்திரியில் வெகுகாலம் தங்க வேண்டும் என்றார்கள். புறப்படும் அன்று வண்டியைத் தாழ்வாரத்தில் கட்டைமேல் ஏற்றி வைத்துவிட்டு அக்காளிடம் சொன்னார்:

"வெள்ளிக்கு வெள்ளி பிளக்கைக் கழட்டி ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கிக்கரை மெதுவா நாலு மிதி மிதி. இல்லேன்னா உள்ளுக்குள்ள இறுகிப்போகும். நான் வந்து எடுப்பேன்."

அக்காள் ஒரு வெள்ளி தவறவில்லை. குளித்து விளக்கேற்றிய கையோடு வண்டியைத் துடைத்து, முன்விளக்குக்குத் திருநீறு பூசி, எண்ணெய் விட்டு மிதிப்பார். எட்டு மாதம் போனது. மச்சானின் தமையனார் ஒருநாள் வந்து, "இரும்புக்குப் பூசை பண்ணிக்கிட்டே இருக்கியே தாயி, கேக்குறவுகளுக்குக் குடுத்துருவோமா?" என்றார்.

"அவுக வந்து வண்டி எங்கன்னு கேட்டா நான் எதைக் காட்ட?" என்றார் அக்காள். தமையனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த வெள்ளி கிக்கர் இறங்கவில்லை. நானும் ஏறி நின்று பார்த்தேன், அசையவில்லை. வாரந்தோறும் வரும் மச்சானின் கடிதமும் அந்த வாரம் வரவில்லை. அக்காள் சக்கரத்தின் அருகே உட்கார்ந்துவிட்டார். "இது சுத்துற வரைக்கும் அவுக மூச்சுக்குப் பழுதில்லைன்னு இருந்தேன் தம்பி" என்றார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஓடிப்போய் மெக்கானிக் பாயை அழைத்து வந்தேன். பிளக் துவாரத்தை முகர்ந்து பார்த்தார். "ஏத்தா, என்ன எண்ணெய் விட்ட?"

"நல்லெண்ணெய்தான் பாய். செக்குல ஆட்டுனது. சாமி வெளக்குக்கு எடுக்குறதுலதான் எடுத்தேன்."

"சரியாப் போச்சு! எண்ணெய் தேச்ச, சீயக்காயும் போட்டியா?"

"அவுக எண்ணெய்ன்னுதான சொன்னாக. வீட்டுல இருக்குறதுல ஒசத்தியைத்தான விட்டேன்."

பாய்க்குச் சிரிப்பு நின்றது. "ஒண்ணும் ஆகல ஆத்தா. பிசினா ஒட்டியிருக்கு, அம்புட்டுத்தான். சீமெண்ணெய் விட்டு மூணு நாள் ஊறட்டும். அதுவரைக்கும் யாரும் மிதிச்சிராதீக" என்று சொல்லிச் சென்றார். அந்த மூன்று நாளும் அக்காள் ஒருவேளைதான் சாப்பிட்டார். நான்காம் நாள் பாய் வந்து மெல்ல அழுத்த, கிக்கர் இறங்கியது. எஞ்சினுக்கான எண்ணெய் ஒரு டப்பாவும் அவரே கொடுத்தார். கடிதம் அதற்கும் பிறகுதான் வந்தது. காய்ச்சல் நின்றுவிட்டதாக மச்சான் எழுதியிருந்தார்.

மறு வருடம் அவர் பாதி உடம்பாக வீடு திரும்பினார். வண்டி தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்தார். நெஞ்சில் வலுவில்லை, மிதிக்க முடியவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அக்காள் சேலையைச் செருகிக்கொண்டு வந்து ஒரே மிதி மிதித்தார். வண்டி கிளம்பிற்று. அதன்பின் பத்து வருடத்துக்கும் மேலாக மச்சான் பூ எடுக்கப் போன காலையெல்லாம், அக்காள்தான் வண்டியை மிதித்துக் கிளப்பிவிட்டார்.

சென்ற ஆண்டு அக்காள் படுத்த படுக்கையானபோது ஒரு வெள்ளியன்று என்னைக் கிட்டே கூப்பிட்டார். "வண்டி சும்மா நிக்குதே, எண்ணெய் விட்டியாடா? நல்லெண்ணெய் இல்லடா" என்று சொல்லிச் சிரித்தார். அந்த வாரமே இறைவனடி சேர்ந்தார்.

அன்று சீமெண்ணெய் ஊற்றிய பாய்க்கும், மச்சானைக் குணமாக்கிய டாக்டர்மார்களுக்கும், அக்காளின் கடைசி நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த தெருப் பெண்மக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. மச்சான் இப்போது வண்டியில் ஏறுவதில்லை. வெள்ளிதோறும் அவர் எண்ணெய் விடுகிறார், நான் மிதிக்கிறேன். எங்கள் வீட்டுப் பக்கம் வருகிறவர்கள் அந்தச் சத்தம் கேட்டால், அக்காளுக்காக ஒரு நிமிடம் கைகூப்ப வேண்டுகிறேன்.