எந்த அந்தோணி? தூத்துக்குடியில் ஒரு பகல்

பிலோமினா என் கடிதங்களைப் படித்தாள். ஒன்றிரண்டு அல்ல, ஒன்பதையும், அவை என் கைக்கு வருவதற்கு முன்பே படித்தாள். அதைக் கேட்கத்தான் எழுபத்தாறு புரட்டாசியில் தூத்துக்குடி போனேன். துறைமுகம் பார்க்கப் போகிறவர்களுக்கும் வழி அதுதான் என்பதால் நேரம், செலவு எல்லாம் சொல்லிவிடுகிறேன்.

கடிதங்கள் முருகேசனுடையவை. ஏரல்காரன். மதுரையில் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தோம், நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தோம். உப்பளத் தொழிலாளர்களின் கூலிக்காக ஒரு நோட்டீஸ் எழுதி அடித்தான். கூலி கேட்டாலே ராஜதுரோகம் என்றிருந்த நெருக்கடி நிலைக் காலம். போலீஸ் வந்தபோது அவன் இல்லை. கைப்பட எழுதிய பிரதி மட்டும் சிக்கியது. தபால்களைப் பிரித்துப் பார்த்தார்கள். அதனால் உடன்குடியிலிருந்து எங்கள் தெருக் காப்பிக் கடைக்கு வரும் கருப்பட்டியின் பனையோலைக் கொட்டானுக்குள் அவன் கடிதம் வந்தது. என் பதில் காலிக் கொட்டானில் திரும்பிப் போனது.

கீழே ‘அந்தோணி’ என்று போட்டிருப்பான். மேலே ஒரு சின்னச் சிலுவை. எழுத்து குண்டு குண்டாக, அவனுடையது போலவே இல்லை. வேஷம் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பதாவது கடிதத்தின் கடைசியில், ‘இருமலுக்குச் சுக்கு போட்டுக் குடிக்கவும்’ என்று இருந்தது. நான்கு வருடம் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் என் இருமலைத் திட்டியிருக்கிறானே தவிர வைத்தியம் சொன்னதில்லை. கொட்டான் கொண்டுவரும் லாரி டிரைவரை ஒரு வாரம் நச்சரித்தேன். “தூத்துக்குடியில லாரி நிக்கும்போது குடுப்பாங்க. கடற்கரைப் பக்கம் தோணிக்குப் பாய் தைக்கிற கடை. பிலோமினான்னு ஒரு அக்கா” என்றார்.

காலை ஐந்தரைக்கு மதுரையில் பஸ். அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் ஏழு ரூபாய். வலது பக்கம் உட்காராதீர்கள். ஊர் நெருங்கும்போது உப்பளத்தின் வெள்ளை கண்ணைக் குத்தும். அந்த வெள்ளைக்குள் வெறுங்காலோடு நிற்கும் பெண்களைப் பார்க்க வேண்டுமானால் உட்காருங்கள். பத்தரைக்கு இறங்கினேன். முத்துக்குளிப்பு நின்று வருடங்களாகிவிட்டன. அதை எதிர்பார்த்து யாரும் போக வேண்டாம். தென்மேற்குக் காற்று ஓய்ந்து கொழும்புத் தோணிகள் சரக்கேற்றத் தொடங்கியிருந்தன.

சைக்கிள் ரிக்‌ஷா முக்கால் ரூபாய். அங்கேதான் புத்தி கெட்டது. நேராகப் பாய்க்கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் அவளிடம் போய் அவனைக் கேட்டு வாங்க எனக்கு மனமில்லை. கடற்கரைத் தெரு டீக்கடை வாசலில் இறங்கி, “அந்தோணி எங்கே இருப்பார்?” என்றேன்.

“எந்த அந்தோணி தம்பி?” என்றார் கடைக்காரர். “கோழி அந்தோணியா, கொழும்பு அந்தோணியா?”

“ரெண்டு பொண்டாட்டி அந்தோணிய விட்டுட்டீரே அண்ணாச்சி” என்றார் ரிக்‌ஷாக்காரர்.

“அவன எங்கன தேட? அவளுவளே தேடிக்கிட்டு இருக்காளுவ.”

கடையே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்தது. அவனை எனக்குத் தெரிந்த அளவு இங்கே எவனுக்குத் தெரியும்? “ஏரல்காரன். மிஷினில் மாட்டி இடது ஆள்காட்டி விரலில் நுனி போனவன்” என்றேன்.

சிரிப்பு நின்றது. ஓரத்தில் இருந்தவர் பாதி டீயை வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். “அப்படி ஆளு இங்க கெடையாது” என்றார் கடைக்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

பாய்க்கடை அங்கிருந்து அரைக் கிலோமீட்டர். நான் போய்ச் சேர்ந்தபோது பிலோமினா தரையில் விரித்த கித்தான் மேல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். உள்ளங்கையில் தோல்பட்டை, அதில் பெரிய ஊசி. பக்கத்தில் பாதி சாப்பிட்ட தட்டு. மீன் குழம்பில் இன்னும் ஆவி இருந்தது.

“நீதான் மதுரையா?” என்றாள். “இருமல் கேக்குது. உக்காரு.”

“அவன் எங்கே?”

“சைக்கிள்ல ஆளு வந்து சொன்னதும் கொழும்புத் தோணியில ஏத்தி அனுப்பியாச்சு. நீ வராம இருந்திருந்தா இன்னும் நாலு மாசம் இங்கனயே இருந்திருப்பான். ஏலே, இந்தத் தெருவுல ஒருத்தனத் தேடி வாரவன் பட்டப்பேரச் சொல்லித்தான் வருவான். ஞானஸ்நானப் பேரோட வாரவன் போலீஸ்காரன். நீ பேரோட நிக்காம அடையாளத்தையும் சொல்லிட்ட.”

“அவனுக்கு என்ன பட்டப்பெயர்?”

“அதச் சொன்னா நாளைக்கு அதயும் கடையில சொல்லுவ.”

இத்தனை பெரிய தவறு செய்துவிட்டு நிற்கும்போதும் எனக்கு அதுதான் வலித்தது. இந்தத் தெரு அவனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது, எனக்கு அது தெரியாது. அவன் எழுதிய மூலக் கடிதங்களையாவது கேட்டேன்.

“எரிச்சாச்சு. போலீஸ்கிட்ட இருக்கது அவன் கையெழுத்துதான? பிடிபட்டா என் எழுத்தோட போவட்டும்னு பாத்து எழுதினேன். உன்னுதயும் அப்படித்தான்.”

“என்னுடையதையுமா?”

“உன் எழுத்த வச்சு உன்னப் பிடிச்சா, பொறவு அவனப் பிடிக்க எவ்வளவு நேரம்? சுக்கு போட்டுக் குடிச்சியா?”

ஆக, நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் அவன் அவளுடைய குண்டு எழுத்தில்தான் படித்திருக்கிறான். ஜெயிலுக்குப் போக அவள் தயாராக இருந்தாள், தெரியும். எங்களுக்கு நடுவில் அவளை உட்கார வைத்தது இந்த அரசாங்கம், அதுவும் தெரியும். தெரிந்தும் பொறாமை போகவில்லை. இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன்.

போகிறவர்கள் புரட்டாசிக்குப் பிறகு போங்கள், காற்று குறைவு. குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும். கடற்கரைத் தெருவில் பட்டப்பெயர் தெரியாமல் யாரையும் விசாரிக்காதீர்கள். தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள அடையாளம் சொல்லவே சொல்லாதீர்கள்.

இப்போது நெருக்கடி நிலை முடிந்துவிட்டது. சிறையிலிருந்தவர்கள் மாலையோடு வீடு திரும்பிவிட்டார்கள். முருகேசன் கரை சேர்ந்தானா, பிடிபட்டானா, ஒரு தகவலும் இல்லை. பிலோமினாவுக்கு மூன்று கடிதம் போட்டேன், தபாலிலேயே, என் பெயரோடு. பதில் இல்லை. கொட்டான் மாதாமாதம் வருகிறது. காப்பிக் கடைக்காரருக்கு முன்னால் நான்தான் பிரிக்கிறேன். கருப்பட்டி மட்டும்தான் இருக்கிறது.

முருகேசா, இனி யாரும் பிரித்துப் படிக்கப்போவதில்லை. உன் கோழிக்கிறுக்கலில், உன் கையால், ஒரு வரி எழுது.