அந்தச் சேனல் இதில் வராது

பழங்காநத்தத்தில் எங்கள் தெருவிலேயே இன்டர்நெட் வயரில் டிவி வந்தது முதலில் எங்கள் வீட்டுக்குத்தான். ஏதோ விமானமே வாங்கிவிட்ட மாதிரி அண்ணன் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஓடுகிற படத்தை நிறுத்தி வைக்கலாம், விட்டுப்போனதைப் பின்னால் போய்ப் பார்க்கலாம், இனிமேல் கேபிள்காரன் தயவு வேண்டாம். பெட்டியை மாட்ட வந்தவர், யாருக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார். அண்ணன் கிரிக்கெட் என்றான், அம்மா சீரியல் என்றாள், நான் பாட்டு என்றேன். அப்பா மட்டும், “எனக்கென்ன, எதையாச்சும் போடுங்க” என்றார்.

அது பச்சைப் பொய். அவருக்கு வேண்டியது ஒன்றுதான், கேபிளில் வந்துகொண்டிருந்த மதுரை லோக்கல் சேனல். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று ஊர் விசேஷங்களின் போட்டோக்களை நாள் முழுக்கப் பாட்டோடு ஓட்டுவார்கள். நடுநடுவே கண்ணீர் அஞ்சலியும் வரும். அப்பாவின் ஒரே தங்கை ஆனையூரில் இருந்தாள். அந்த அத்தை தன் மகளை எங்கள் அண்ணனுக்குத் தராமல் வெளியே கொடுத்துவிட்டாள் என்று அப்பா பேச்சை முறித்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அண்ணனைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் சங்கதி. அதற்குப் பிறகு தங்கை வீட்டு நல்லது கெட்டதை அப்பா டிவியில்தான் தெரிந்துகொண்டார். பேத்தியின் காதுகுத்துப் படத்தில் ஓரமாக நின்ற அத்தையைப் பார்த்து, “மெலிஞ்சுட்டா” என்று தனக்குத்தானே சொன்னார். ஆனாலும் நேரில் போகமாட்டார். அம்புட்டு வீம்பு.

அண்ணன் கேபிள் வயரை அறுக்கப் போனபோது, “அது பாட்டுக்குக் கிடந்துட்டுப் போகட்டும்டா” என்றார். “எதுக்குப்பா ரெண்டு?” என்றான் அவன். தங்கையைப் பார்க்க என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அண்ணன் அறுத்துச் சுருட்டி மாடியில் போட்டான்.

அத்தை ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் செத்துப்போனாள். எங்கள் பக்கம் சாவு என்றால் ஆள் வீடு தேடி வந்து சொல்லவேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள். லோக்கல் சேனலில் போட்டுவிட்டால் அவர்களுக்கும் சொன்ன மாதிரிதான். கட்டிக்கொடுத்த பெண் செத்தால், கூடப்பிறந்தவன் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அன்று சாயங்காலம் வரை அப்பாவுக்காகக் காத்திருந்துவிட்டு, தூரத்து அண்ணன் முறையுள்ள ஒருவர் வாங்கிவந்த சேலையைப் போர்த்தி எடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் நாங்கள் எந்தத் தேசத்திலோ நடந்த கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் டீக்கடையில் ஒருவர், “என்னண்ணே, தங்கச்சி சாவுக்குக்கூடப் போகலையாமே?” என்று கேட்ட பிறகுதான் அப்பாவுக்கே தெரிந்தது. கோடிச் சேலை ஒன்றை வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஆனையூருக்கு ஓடினார். அங்கே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மகன் எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

“காலையிலருந்து டிவியில போட்டமே மாமா. பாத்துட்டும் வரலைனுதான் நெனச்சோம். இனிமே இதை யாருக்குப் போத்துறது?”

“எங்க வீட்ல கேபிள் இல்லய்யா” என்றார் அப்பா.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒரு போன் அடித்திருந்தால் அவன் என்ன குறைந்தா போயிருப்பான்? அவன் வீம்பும் அப்பா வீம்பும் ஒரே ரத்தம். இடையில் கிடந்து அவமானப்பட்டவள் அத்தைதான். கூடப்பிறந்தவன் இருந்தும் யாரோ வாங்கிய சேலையோடு போனாள்.

வீட்டுக்கு வந்த அப்பா, சேலைப் பையை மடியில் வைத்தபடி டிவி முன்னால் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு அசையவில்லை. அண்ணன் வேலை முடிந்து வந்ததும் ரிமோட்டை அவனிடம் நீட்டினார்.

“விட்டதைப் பின்னாடி போய்ப் பாக்கலாம்னியே. நேத்துக் காலையில ஓடுனதைப் போடு. அவ மொகத்தையாவது பாத்துக்கிறேன்.”

அண்ணன் ரிமோட்டை வாங்கவில்லை. “அந்தச் சேனல் இதுல வராதுப்பா” என்றான்.