கையில்லாத நோயாளி

என் அம்மா யோலிமார் வெனிசுவேலாவில், மரகைபோ நகரத்தில் பதினேழு வருஷம் பல் டாக்டராக இருந்தவள். டெக்சஸுக்கு வந்து ஆறு வருஷமாக இன்னொரு பல் டாக்டர் பக்கத்தில் நின்று, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த டாக்டர் கோல்ட்டனுக்கு இருபத்தேழு வயது. எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் குரலைத் தாழ்த்தி, "யோலி, சொத்தை நரம்பு வரைக்கும் போயிருக்கா?" என்பார். அம்மா சரியான இடத்தில் விரலை வைத்து, "நீங்கதான் சொல்லணும் டாக்டர்" என்பாள். உடனே அவர் அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி உரக்கச் சொல்வார்.

வெனிசுவேலாப் பட்டம் இங்கே சுவரில் மாட்டத்தான் உதவும். மறுபடி டாக்டராக இரண்டு வருஷம் கல்லூரியில் படிக்க வேண்டும். உள்ளே நுழையவே ஒரு தேர்வு, பிளாஸ்டிக் தலையின் வாயில் பல்லைச் செதுக்கிக் காட்ட வேண்டும். மூன்று தடவைதான் விடுவார்கள். முதல் தடவை நேரம் போதவில்லை. இரண்டாம் தடவை பக்கத்துப் பல்லில் கீறல். மிச்சம் ஒன்று. அம்மாவுக்கு வயது நாற்பத்தேழு.

பழக ஒரு பழைய தலையை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் பொருத்தினாள். கழுத்தோடு சரி, உடம்பு கிடையாது. நான் அதற்கு லிப்ஸ்டிக் பூசி, தொப்பி மாட்டி, முன்னால் ஒரு தட்டில் எங்கள் ஊர்ச் சோள ரொட்டி, அரேப்பா வைத்தேன்.

"பேஷண்டைக் கிண்டல் பண்ணாதடி."

"அவருக்குப் பசிக்குதும்மா."

தொப்பியைக் கழற்றிவிட்டு, பழைய பழக்கத்தில் அதன் மேல் குனிந்தாள். "வலிச்சா கையைத் தூக்குங்க."

"எந்தக் கையை?"

"வாயை மூடு. உன்னைத்தான் சொன்னேன், அவரை இல்ல."

பல்லுக்கு நம்பர் போடுவதில்தான் வம்பு. எங்கள் நாட்டில் வாயை நாலு பாகமாகப் பிரித்து எண்ணுவார்கள். பதினாலு என்றால் மேல்வரிசை, வலது பக்கம். இங்கே ஒரு கோடியிலிருந்து வரிசையாக ஒன்று, இரண்டு என்று போவார்கள். பதினாலு இடது பக்கம் வந்துவிடும். அதனால் அவள் சாப்பிடும்போது, குளிக்கும்போது, பஸ்ஸில் எல்லார் முன்னாலும் நான் திடீரென்று "பதினாலு!" என்று கத்துவேன். அவள் நாக்கால் அந்தப் பல்லைத் தொட வேண்டும். இடது கன்னம் உப்பும். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

தேர்வன்று நான் வாசலில் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள்.

"என்னம்மா, அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

"முடிஞ்சிடுச்சு."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு தன் வலது கையைப் பார்த்தபடி சொன்னாள். "தாள்ல பதினாலுன்னு போட்டிருந்துச்சு. அவ்வளவு அழகா வந்துச்சுடி. ஓரமெல்லாம் வழுவழுன்னு. பரீட்சை வைக்கிற அம்மா வந்து பார்த்துட்டு, செதுக்குற மெஷினைக் கீழ வைங்கன்னாங்க. வலது பக்கத்துல செதுக்கி வச்சிருக்கேன்."

தப்பான பல் என்றால் வேறு எதையும் பார்க்க மாட்டார்களாம்.

மிச்சமிருந்த ஒரு தடவையும் போய்விட்டது.

மறுநாள் பள்ளி விட்டு க்ளினிக்குக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. கோல்ட்டன், "பதினாலு, யோலி" என்றார். அம்மாவின் குழாய் நேராக இடது பக்கம் போய் நின்றது. யோசிக்கவே இல்லை. குழாயைப் பிடித்த கை இந்த ஊரில் பழகியது. மெஷினைப் பிடித்த கை மட்டும் மரகைபோவிலேயே இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அவளுடைய ரப்பர் கையுறை ஒன்றை ஊதி, முடிச்சுப் போட்டு, பிளாஸ்டிக் தலையின் காதோரம் ஒட்டினேன். கை தூக்கின மாதிரி. சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அம்மா வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தத் தலையின் எதிரே உட்கார்ந்தாள்.

"எங்க வலிக்குது?" என்று கேட்டாள்.

நான் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டேன்.